ஆச்சியின் நிறம் மாறாமல் ஒரு படம்

என்ன கேமரா வாங்கலாம் என்று கேட்டு, பட்ஜெட், மெகாபிக்சல், லென்ஸ் என்று ஒரு பட்டியலே அனுப்பியிருந்தாய், தங்கச்சி. அதற்குப் பதில் பின்னால் வருகிறது. அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. இந்த லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சியை ஒரு நல்ல படம் எடுத்துவிடு. கையில் இருக்கிற செல்போனே போதும்.

நம் வீடுகளில் பெரியவர்களின் படத்தை எப்போது தேடுகிறோம் என்று உனக்கே தெரியும். அவர்கள் போன அன்றைக்குத்தான் தேடுகிறோம். பீரோவைத் துழாவினால் ஆதார் அட்டைப் படம் கிடைக்கும். இல்லையென்றால் யாரோ ஒருவர் கல்யாண ஆல்பத்தில் மூன்றாவது வரிசையில் நிற்கிற பாதி முகம் கிடைக்கும். அதை வெட்டிப் பெரிதாக்கி, கன்னத்தை வழுவழுப்பாகத் தேய்த்து, நிறத்தை நன்றாக வெளுக்கடித்து ஃப்ரேம் போட்டுத் தருவார்கள். மாலை போட்டு நடுவீட்டில் மாட்டியிருக்கும் அந்த முகத்தைப் பேரப்பிள்ளைகளுக்கு அடையாளமே தெரியாது.

நம் ஆச்சி கறுப்பு. வெயிலில் நாற்று நட்ட கறுப்பு. பாம்படம் போட்டுத் தொங்கிய காது, நெற்றியில் வரிவரியான சுருக்கம், வெற்றிலைச் சாயம் ஏறிய உதடு. இது எல்லாம் உள்ளது உள்ளபடி படத்தில் வர வேண்டும். போட்டோ நுட்பம் என்று நான் உனக்குச் சொல்லப்போவது எல்லாம் இதற்காகத்தான். ஆச்சியின் முகத்தைச் சரியாக எடுக்கத் தெரிந்தவளுக்குக் கல்யாணம், கோயில், குழந்தை எல்லாமே கைவந்துவிடும்.

முதலில் ஒரு தேங்காய்

ஆச்சியை உட்கார வைத்துக்கொண்டு அங்கே இங்கே நகர்த்திப் பழகக் கூடாது. எண்பது வயதுக்கு மேல் ஆனவர்களுக்கு முதுகு தாங்காது, பொறுமையும் போய்விடும். அதனால் ஒரு தேங்காயை உரித்து, கொஞ்சம் நார் ஒட்டியிருக்க விட்டு, முக்காலியில் வை. குடுமி உன்னைப் பார்த்து இருக்கட்டும்.

ஜன்னலுக்கு நேர் எதிரே வைத்து, ஜன்னல் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்று ஒரு படம் எடு. நார் எதுவும் தெரியாது; பழுப்பு வட்டமாக இருக்கும். இப்போது ஜன்னல் தேங்காய்க்குப் பக்கவாட்டில் வரும்படி நீ சுற்றி வந்து நின்று எடு. ஒவ்வொரு நாரும் தனித்தனியாக எழுந்து நிற்கும். இன்னும் சுற்றி வந்து, தேங்காய்க்குப் பின்னால் ஜன்னல் இருக்கும்படி எடு. ஓரத்தில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு, மற்றதெல்லாம் இருட்டு. வெளிச்சத்தில் கற்க வேண்டியதில் பாதி இந்த மூன்று படத்தில் அடங்கிவிட்டது. சுருக்கமும் தழும்பும் எழுந்து தெரிய வேண்டும் என்றால் வெளிச்சம் பக்கவாட்டில் வர வேண்டும். சுருக்கம் இருக்கட்டும், ஆனால் கடுமை வேண்டாம் என்றால் நேர்முகத்துக்கும் பக்கவாட்டுக்கும் நடுவில், சாய்வாக வர வேண்டும். ஆச்சிக்கு இந்தச் சாய்வு வெளிச்சத்தைத்தான் நான் சொல்வேன்.

அதே தேங்காயைக் காலை ஏழு மணிக்கு, பத்து மணிக்கு, மதியம், நாலு மணிக்கு என்று அதே முக்காலியில் வைத்து எடுத்துப் பார். நம் வீட்டில் எந்த ஜன்னல் எந்த நேரத்தில் என்ன செய்கிறது என்று உனக்கு மனப்பாடம் ஆகிவிடும். இது வேறு யாரும் சொல்லித் தர முடியாத பாடம், ஏனென்றால் அது நம் வீட்டுக்கு மட்டும் உரியது.

இங்கே ஒரு விஷயம். வெளிநாட்டுப் புத்தகங்களிலும் வீடியோக்களிலும் வடக்குப் பார்த்த ஜன்னல்தான் சிறந்தது, அதில் நேர் வெயில் வராது என்று சொல்வார்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரும்பாலும் அது சரி. நம் ஊரில் வருஷம் முழுக்க அது செல்லாது. திருநெல்வேலிப் பக்கம் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும், சென்னையில் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், உச்சி நேரத்துச் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் தெற்கு ஜன்னல்தான் மிருதுவான வெளிச்சம் தரும். அந்த மாதங்கள் போனதும் வடக்கு ஜன்னலுக்கு மாறிக்கொள். மார்கழியில் சூரியன் உச்சிக்கே ஏறுவதில்லை. சென்னையில் மதியத்தில்கூட 53, 54 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். அதனால் மார்கழி, தை மாதங்களில் பகல் முழுக்கவே முகத்துக்கு ஏற்ற சாய்வு வெளிச்சம் கிடைக்கும். பொங்கல் லீவில் நீ வருவது நல்லதாகப் போயிற்று.

திண்ணையும் நிலைவாசலும்

ஸ்டுடியோ விளக்கு எதுவும் வேண்டாம். ஆச்சியை நிலைவாசலுக்கு உள்பக்கம், வாசற்படியிலிருந்து ஒரு முழம் தள்ளி, வெளியே தெருவைப் பார்த்து உட்கார வை. தலைக்கு மேலே கூரை இருப்பதால் கண் குழியில் நிழல் விழாது. திறந்த வானத்தின் வெளிச்சம் வாசல் வழியாக முகத்தில் பரவும். பின்னால் உள்ள கூடம் (தார்சா) இருட்டாக இருப்பதால் முகம் தனியாக எழுந்து வரும். கண்ணுக்குள் வாசலின் வடிவம் சின்ன வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். அந்தப் புள்ளி இல்லாத கண் படத்தில் சோர்ந்து தெரியும். ஒவ்வொரு படத்திலும் அதை முதலில் தேடு.

திண்ணையும் இதே மாதிரி உதவும். ஆனால் திண்ணைக்கு எதிர்வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று பார்த்துக்கொள். கிளிப்பச்சைச் சுவரில் வெயில் பட்டுத் திரும்பினால் ஆச்சியின் கன்னமும் பச்சையாகும். வீட்டுக்குள் சிவப்புத் தரை இருந்தால் தாடைக்குக் கீழே செம்மை ஏறும். தரையில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் இது சரியாகும்.

வேட்டி இன்னும் இரண்டு வேலை செய்யும். ஜன்னலில் நேர் வெயில் அடித்தால் ஒற்றை மடிப்பாகக் கட்டித் தொங்கவிடு, வெயில் வடிகட்டப்பட்டு மிருதுவாகிவிடும். முகத்தின் ஒரு பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், அந்தப் பக்கம் நாற்காலியின் முதுகில் போட்டு நகர்த்தி வை. சினிமா ஷூட்டிங்கில் தெர்மாகோல் பலகை பிடிப்பது இதற்குத்தான். முழுக்க நிரப்பிவிடாதே. நிழல் கொஞ்சம் இருந்தால்தான் முகத்துக்குக் கனம் வரும்.

முற்றம் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மதியத்தில் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் புருவத்துக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழிதான் வரும். காலையிலும் சாயங்காலமும் முற்றத்தின் ஓரத் தாழ்வாரத்தில் உட்கார வை, நடுவில் வேண்டாம். சாயங்காலப் பொன் வெளிச்சத்தை நம்பி இருப்பதானால் சீக்கிரம் தயாராக இரு. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், சூரியன் நேராகக் கீழே இறங்கிவிடும். ஐரோப்பாவில் ஒரு மணி நேரம் நீடிக்கும் அந்த வெளிச்சம் இங்கே அரை மணியில் முடிந்துவிடும். மலையடிவார ஊர் என்றால் அதற்கும் முன்பே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும்.

பகலில் படம் எடுக்கும்போது வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிடு. ஜன்னல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின், பழைய மஞ்சள் பல்பு 2,700. இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் ஒரு கன்னம் நீலம், ஒரு கன்னம் மஞ்சள். கேமரா எதைச் சரிசெய்யும்? இரவில் டியூப்லைட் அல்லது எல்இடி விளக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்றால், படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பல விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுங்குகின்றன. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் வைத்தால் பட்டை போய்விடும்.

கறுப்பு நிறத்துக்குச் சரியான எக்ஸ்போஷர்

இந்தப் பகுதியைக் கவனமாகப் படி. கேமராவின் மீட்டருக்கு ஆச்சி யார் என்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை ஒரு நடுத்தரச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவர முயலும், அவ்வளவுதான். ஃப்ரேம் முழுக்கக் கறுத்த முகம் இருந்தால், ‘வெளிச்சம் போதவில்லை’ என்று நினைத்து ஏற்றிவிடும். முகம் சாம்பல் பூத்ததுபோல் வரும். ஃப்ரேமில் வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சுவரும் நிறைய இருந்தால் எதிர்மாறாக, எல்லாவற்றையும் இறக்கிவிடும். முகம் இருட்டில் மூழ்கும்.

அதனால் மீட்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு நீ திருத்த வேண்டும். ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது. முகம் நெருக்கமாக இருந்தால் எக்ஸ்போஷரை மூன்றில் ஒரு ஸ்டாப்பிலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் வரை குறை. வெள்ளை அதிகம் இருந்தால் முக்கால், ஒரு ஸ்டாப் கூட்டு. செல்போனில் ஆச்சியின் கன்னத்தைத் திரையில் தொட்டு அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்சமும் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே கீழே இழுத்து, முகம் நேரில் பார்ப்பது மாதிரி வந்ததும் நிறுத்து. திரையையும் ஆச்சியையும் மாறி மாறிப் பார். அளவுகோல் ஆச்சிதான்.

கறுத்த தோலின் அழகு அதன் மினுக்கத்தில் இருக்கிறது. நெற்றி மேட்டில், கன்ன எலும்பில், மூக்குத் தண்டில் வெளிச்சம் வழுக்கி விழும் இடங்கள்தான் முகத்தின் வடிவத்தைச் சொல்கின்றன. பெரிய ஜன்னலின் வெளிச்சத்தில் அந்த மினுக்கம் அகலமாக, மென்மையாகப் படரும். செல்போன் ஃபிளாஷ் சின்னஞ்சிறு புள்ளி, அது அதே இடத்தில் சுட்ட மாதிரி வெள்ளைத் திட்டைப் போடும். ஃபிளாஷை அணை. எண்ணெய் மினுக்கு இருக்கிறது என்று முகத்தை அழுத்தித் துடைத்துவிடாதே, பவுடரும் வேண்டாம். ஆச்சியே பவுடர் கேட்டால் கொடு, அது அவர் விருப்பம்.

இயந்திரமே நமக்கு எதிராகச் சாய்ந்திருந்த காலம் ஒன்று உண்டு. கலர் ஃபிலிம் நாட்களில், பிரின்ட் போடும் லேபுகள் நிறம் சரிபார்க்க கோடாக் கம்பெனி ஒரு மாதிரிப் படம் அனுப்பும். ஷெர்லி கார்டு என்று பெயர். பல பத்தாண்டுகள் அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். அந்த முகம் சரியாக வந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறது என்று பொருள். மற்ற நிறத்து முகங்கள் எப்படி வந்தாலும் கேட்பார் இல்லை. இன்றைக்கு செல்போனில் கேட்காமலே இயங்கும் ‘பியூட்டி’ வசதி அந்த வேலையின் தொடர்ச்சி. கேமரா செட்டிங்கில் போய் அதை முழுக்க அணைத்துவிடு. செல்ஃபி கேமராவுக்குத் தனியாக இருக்கும், அதையும் பார்.

இந்த நிறத்தை எப்படி எடுப்பது என்று தமிழிலேயே காட்டிய ஒருவர் இருக்கிறார். பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) படத்தை ஒரு தடவை சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பார். கதைக்காக இல்லை, முகங்களுக்காக. அர்ச்சனாவின் மாநிறம் எந்த ஷாட்டிலும் வெளுக்கப்படவில்லை. தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் ஒவ்வொரு சுருக்கமும் தெரிகிறது, ஒன்றும் அசிங்கமாகத் தெரியவில்லை. வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காட்சிக்குக் காட்சி சொல்லிப் பழகு. ஜன்னலா, வாசலா, வானமா? சில நாளில் கண் தானாகவே சொல்ல ஆரம்பிக்கும்.

தூரமும் உயரமும்

செல்போனை ஆச்சியின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டு போகாதே. போனின் பிரதான லென்ஸ் அகலப் பார்வை கொண்டது. ஒரு முழ தூரத்தில் எடுத்தால் மூக்கு பெரிதாகவும் காது பின்னால் போய்ச் சின்னதாகவும் வரும். நமக்கு அந்தக் காது வேண்டும். ஐந்தாறு அடி தள்ளி நின்று 2 மடங்கு அல்லது 3 மடங்கு லென்ஸுக்கு மாறு. போனில் அந்த லென்ஸ் தனியாக இல்லையென்றால் அங்கிருந்தே சாதாரணமாக எடுத்துவிட்டுப் பின்னால் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம்.

ஆச்சி தரையில் உட்கார்ந்திருந்தால் நீயும் தரையில் உட்கார். கேமரா அவர் கண் உயரத்துக்கு வரட்டும். நின்றபடி கீழே நோக்கி எடுத்தால் எந்தப் பெரியவரும் பரிதாபமாகத் தெரிவார். நம் ஆச்சி பரிதாபமானவர் இல்லை.

மூக்குக்கண்ணாடியில் ஜன்னல் தெரிந்தால், காதுக்கு மேல் உள்ள கம்பியைக் கொஞ்சம் தூக்கி வைத்தால் கண்ணாடி லேசாகக் கீழே சாயும், பளபளப்பு போய்விடும். ஃபோகஸ் எப்போதும் உனக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் வை. போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். அது பின்னணியைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவதால், காற்றில் பறக்கும் நரைமுடியையும் தொங்கும் காது மடலையும் பின்னணி என்று நினைத்து அழித்துவிடும். பின்னணி மங்க வேண்டும் என்றால் ஆச்சியைச் சுவரிலிருந்து பத்தடி முன்னால் கொண்டு வா. பின்னணி சுத்தமாக இருக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒதுக்கிவிடாதே. வெற்றிலைச் செல்லம், அம்மி, சாய்ந்துகொள்ளும் தூண் இருக்கட்டும். கேஸ் சிலிண்டரும் பிளாஸ்டிக் வாளியும் தலைக்குப் பின்னால் முளைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

“ஏட்டி, என்னைய எதுக்கு எடுக்க?”

இதைத்தான் ஆச்சி முதலில் சொல்வார். “சின்னஞ்சிறுசுகள எடு” என்பார். வெட்கம் மட்டும் இல்லை. தாத்தா போன பிறகு சுபகாரியங்களில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்று ஒதுங்கி ஒதுங்கிப் பழகிய தலைமுறை அது. எத்தனை வீட்டு ஆல்பத்தில் விதவைப் பாட்டிகள் ஓரமாகவோ, இல்லாமலோ இருக்கிறார்கள் என்று பார். அதனால் ‘வாங்க, உட்காருங்க, எடுக்கணும்’ என்று வேலையாகத் தொடங்காதே. எதற்காக எடுக்கிறாய் என்று உண்மையைச் சொல். ‘உங்க முகம் எங்ககிட்ட இருக்கணும் ஆச்சி’ என்று சொன்னால் போதும். எந்தச் சேலை கட்டுவது, தலை வாரிக்கொள்வதா வேண்டாமா என்பதை அவரிடமே விட்டுவிடு. வேண்டாம் என்று சொன்னால் அன்றைக்கு விட்டுவிடு. மறுநாள் கேட்கலாம்.

கேமராவைக் கண்டதும் பெரியவர்கள் முதுகை விறைத்து, மூச்சைப் பிடித்து நிற்பார்கள். அவர்கள் காலத்தில் ஸ்டுடியோவில் அப்படித்தான் நிற்கச் சொன்னார்கள். ‘சிரிங்க’ என்று சொல்லவே சொல்லாதே; பல் தெரியும், கண் சிரிக்காது. கைக்கு வேலை கொடு. பூக்கட்டச் சொல், கீரை ஆயச் சொல், பாக்கு வெட்டச் சொல். பிறந்த ஊரைப் பற்றிக் கேள். தாத்தா பெண் பார்க்க வந்த அன்றைக்கு என்ன நடந்தது என்று கேள். பேசும்போது வாய் கோணலாக வரும், அதனால் பேசி முடித்து மூச்சு விடுகிற நொடிக்குக் காத்திரு. நீ எடுத்து முடித்துவிட்டாய் என்று நினைத்து உடம்பு தளர்கிற நொடியும் அதே மாதிரி நல்லது. போனை உடனே கீழே இறக்காதே.

கைகளைத் தனியாக எடு. அந்தக் கை எத்தனை பேருக்குச் சோறு போட்டிருக்கிறது. பூக்கட்டும் விரல் வேகமாக ஓடும். 1/250க்குக் குறைவான ஷட்டரில் விரல் மங்கிவிடும். ஆனால் விரல் மட்டும் மங்கி, பூச்சரம் கூர்மையாக இருக்கிற படமும் சில சமயம் ரொம்பப் பேசும். இரண்டையும் எடுத்துப் பார்.

இப்போது உன் பட்டியல்

புது கேமராவின் உடம்புக்கு எல்லாப் பணத்தையும் போடாதே. பழைய மாடல் ஏபிஎஸ்-சி கேமரா ஒன்றும், 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் முகம் எடுக்கப் போதும். பல கம்பெனிகளில் விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று அதுதான். ஏபிஎஸ்-சி கேமராவில் அது ஏறக்குறைய 75, 80 மி.மீ. லென்ஸ் மாதிரிப் பார்க்கும், முகத்துக்கு அருமையான அளவு. எஃப் 1.8இல் மயங்கிவிடாதே. ஐந்தடி தூரத்தில் அந்த லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தால் கூர்மையாக வரும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். கண் தெளிவாக இருக்கும், காது கரைந்துவிடும். எஃப் 4க்கு மூடினால் அது 13, 14 செ.மீ. ஆகும். ஆச்சியின் வடித்த காது வேண்டும் என்றால் எஃப் 4. ஜன்னலோரத்தில் எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 800 என்று தொடங்கி அங்கிருந்து ஏற்றி இறக்கு. கார்த்திகை அன்று விளக்கு வெளிச்சத்தில் எடுப்பதானால் எஃப் 1.8, 1/60, ஐஎஸ்ஓ 3200 வரை போகத் தயங்காதே. கொஞ்சம் புள்ளி விழுந்தால் குற்றமில்லை, கை ஆடிக் கலைந்த படத்தை யாராலும் மீட்க முடியாது. ரா ஃபைலில் எடு, நிறத்தைப் பின்னால் திருத்த இடம் இருக்கும்.

ஜூம் இல்லாமல் எப்படி என்று கேட்காதே. இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமை வியாரவல்லா (1913–2012) சேலை கட்டிக்கொண்டு டெல்லி முழுக்கச் சுற்றி, சுதந்திரம் வந்த காலத்து இந்தியாவைப் படம் பிடித்தவர். அவர் வைத்திருந்த கேமராக்களில் ஒன்று ரோலிஃப்ளெக்ஸ். அதில் ஜூம் கிடையாது, லென்ஸையும் மாற்ற முடியாது. ஒரு ஃபிலிம் சுருளுக்கு 12 படம்தான். இந்த 12 என்ற எண்ணிக்கையை நீயும் ஒரு பயிற்சியாக எடுத்துக்கொள். ஒரு நாளைக்கு 12 படம், அதற்கு மேல் இல்லை, எடுத்ததை அன்றிரவு வரை பார்க்கக் கூடாது. தொடர்ந்து செய்தால், அழுத்துவதற்கு முன்பே ஃப்ரேமின் நாலு மூலையையும் பார்க்கும் பழக்கம் வந்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்கினால் கடையிலேயே போன் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து அடித்து மறுபக்கம் பார். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை, எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். நம் கடலோர ஈரக் காற்றில் நல்ல லென்ஸிலும் பூஞ்சை வரும். தோல் பைக்குள் மூடி பீரோவில் வைக்காதே. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வை. உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் நல்லது. அதைக் காட்டும் சின்ன மீட்டர் குறைந்த விலைக்கே கிடைக்கிறது. ஏசி அறையிலிருந்து வெளியே வரும்போது கேமராவைப் பைக்குள்ளேயே அரை மணி விட்டு எடு, இல்லாவிட்டால் லென்ஸில் வேர்த்துவிடும். போன் லென்ஸுக்கு இந்தக் கவலை குறைவு, ஆனால் விரல் எண்ணெய் எப்போதும் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு தடவையும் மெல்லிய பருத்தித் துணியால் துடை. பாதிப் பேர் படம் மங்கலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

ட்ரைபாட், ரிங் லைட், ஃபில்டர் எல்லாம் இப்போது வேண்டாம். ரிங் லைட் கண்ணுக்குள் ஒரு வளையத்தைப் போடும், முகத்தைத் தட்டையாக்கும். முகத்துக்கு அதை நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

எடிட், பிறகு பிரின்ட்

எடிட் செய்யும்போது முதலில் வெள்ளை நிறத்தைச் சரிசெய். ஆச்சியின் வெள்ளைச் சேலையோ வேட்டியோ ஃப்ரேமில் இருந்தால், அது வெள்ளையாகத் தெரியும் வரை மஞ்சளையும் நீலத்தையும் நகர்த்து. முகம் தானாகவே நிறத்துக்கு வந்துவிடும். லைட்ரூம் மாதிரிச் செயலிகளில் ஒவ்வொரு நிறத்துக்கும் வெளிச்ச அளவைத் தனியாக மாற்றலாம். ஆரஞ்சு நிறத்தின் வெளிச்சத்தை ஏற்றினால் நம் தோல் எல்லாம் வெளுக்கும். பலபேர் கல்யாண ஆல்பங்களில் இதைத்தான் செய்கிறார்கள். நீ அதைத் தொடாதே, வேண்டுமானால் ஒரு துளி இறக்கு. சுருக்கத்தை அழிக்கும் கருவியும் வேண்டாம். அன்றைக்கு ஏற்பட்ட கொசுக்கடியை அழிக்கலாம், மச்சத்தை அழிக்கக் கூடாது. டியூப்லைட்டில் எடுத்து நிறம் எப்படியும் ஒத்து வரவில்லை என்றால் கறுப்பு வெள்ளையாக்கிவிடு. அதிலும் முகத்தின் இருட்டை இருட்டாகவே விடு.

எடுத்ததை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும்; ‘டாக்குமெண்ட்’ ஆக அனுப்பினால் முழுசாகப் போகும். ஒரு பிரதி போனில், ஒன்று வேறு இடத்தில், வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ கிளவுடிலோ இருக்கட்டும்.

கட்டாயம் பிரின்ட் போடு. 8க்கு 12 அங்குலத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், 2,400க்கு 3,600 பிக்சல் வேண்டும். அது 9 மெகாபிக்சலுக்கும் குறைவுதான். உன் போனில் நிறையவே இருக்கிறது. பளபளக்கும் தாளைவிட மாட் தாள் நல்லது. சுவரில் மாட்டினால் ஜன்னல் வெளிச்சம் அதில் பிரதிபலிக்காது, விரல் ரேகையும் அவ்வளவாகத் தெரியாது. பின்பக்கம் பென்சிலால் ஆச்சியின் முழுப்பெயர், பிறந்த ஊர், எடுத்த மாதம், வருஷம், எந்த வீட்டில் எடுத்தது என்று எழுது. பேனா மை நாளடைவில் முன்பக்கம் ஊறும்.

லேபில் கொடுக்கும்போது ‘கலர் கரெக்‌ஷன் வேண்டாம், அப்படியே போடுங்கள்’ என்று வாயாலும் சொல், கவரின் மேலும் எழுது. பெரிய அளவுக்கு முன்னால் 4க்கு 6இல் ஒன்று போட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப் போய் ஆச்சி பக்கத்தில் பகல் வெளிச்சத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார். நிறம் ஒத்துப் போனால் 8க்கு 12 ஆர்டர் கொடு. முகம் வெளுத்து வந்திருந்தால் அதைக் கையோடு கொண்டு போய்த் திருப்பிக் கொடு. ‘அழகாத்தானே இருக்கு’ என்று சொல்வார்கள். ‘இது எங்க ஆச்சி இல்ல’ என்று சொல்லி இன்னொன்று போட்டு வாங்கு.